காஞ்சொறி, வலேரியன், லவுத்தாரோ

நியூயார்க்கில் இருக்கும் என் தங்கை எல்வியாவுக்காக எங்கள் ஊரான குவாலசெயோவில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அந்தச் சனிக்கிழமை காலை அங்கே கூடியிருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்த இடங்களும் பின்வருமாறு:

எங்கள் அம்மாவின் தங்கை தார்ஹேலியா சித்தி, சந்தையில் மூலிகைக் கடை வைத்திருப்பவர்: குளியல் தொட்டி வந்த பெட்டியின் மேல். பெட்டி இன்னும் பிரிக்கப்படவில்லை. லியோனிதாஸ் வாத்தியார், எல்வியா, என் தம்பி, நான் என்று மூவருக்கும் ஊர்ப் பள்ளியில் பாடம் எடுத்தவர், இங்கிருந்தபடியே எல்வியாவின் மகளுக்கு ஞானத்தகப்பன் ஆனவர்: இருந்த ஒரே நாற்காலியில். என் தம்பி மனைவி ஸோய்லா: ஜன்னல் வர வேண்டிய ஓட்டையின் விளிம்பில், மடியில் பாதி பின்னிய ஓலைத் தொப்பியோடு. தண்ணீர் வாரியத்தில் குமாஸ்தாவும், இந்தக் குடும்பத்தின் கடிதங்களை எழுதுகிறவனுமான ஃப்ரொய்லான் ஆகிய நான்: கவிழ்த்துப் போட்ட சாந்துச் சட்டியின் மேல், எதிரே ஒரு பலகை, பலகையில் தாள்.

என் தம்பி லவுத்தாரோ: முதலில் சிமெண்டு மூட்டையின் மேல். பிறகு வாசல் நிலையில். பிறகு ஸோய்லாவின் பக்கத்தில். பிறகு வெளியே. அதற்கு மேல் நான் குறித்துக்கொள்ளவில்லை.

வீட்டு வேலையை மேற்பார்வை பார்ப்பது லவுத்தாரோவின் பொறுப்பு. மாடியில் தூண் வைத்த பால்கனி ஒன்று இருந்தது. மாடிக்குப் படிக்கட்டு இல்லை. பால்கனியைப் பார்க்க விரும்புகிறவர்கள் தெருவில் நின்று பார்த்துக்கொண்டார்கள்.

கூட்டத்துக்குக் காரணம் எல்வியாவிடமிருந்து அந்த வாரம் வந்த கடிதம். அவளுடைய மகள் மரிசெல் எட்டு வயதுக்காரி, அங்கேயே பிறந்தவள். எங்களில் யாரும் அவளை நேரில் பார்த்ததில்லை. புகைப்படங்களில் பார்த்திருக்கிறோம். எல்லாப் புகைப்படத்திலும் அவளுடைய கையோ தலையோ ஆடிப்போய்த்தான் விழுந்திருக்கும்.

நான் கடிதத்தைப் படித்தேன்.

"அண்ணா, மரிசெல் கணக்கைச் சரியாகப் போடுகிறாள், விடையை எழுத மறந்துவிடுகிறாள். ஒரு காலில் ஷூவை மாட்டிக்கொண்டு, இன்னொன்றைத் தேடப் போன இடத்தில் புறாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். குளிர்க் கோட்டை எங்காவது விட்டுவிட்டு வருகிறாள், எங்கே என்று கேட்டால் உண்மையாகவே தெரியாமல் முழிக்கிறாள். குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோகிறாள். தண்ணீர் கீழ்வீட்டுக்கு ஒழுகி, அந்த அம்மா வந்து கதவை இடித்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பள்ளியில் அவளைச் சுவரைப் பார்த்துத் தனியாக உட்காரவைத்திருக்கிறார்கள். விடுமுறைக்குப் பிறகு, படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கான வேறு பள்ளிக்கு அனுப்பப்போவதாகச் சொல்கிறார்கள். டாக்டர் ஒருவரைப் பார்த்தோம். இது கவனக் குறைபாடாக இருக்கலாம், அப்படி என்றால் பள்ளியை மாற்ற வேண்டியதில்லை, அதே வகுப்பில் வைத்துக்கொண்டு உதவலாம், அதற்கு நான் எழுதித் தருகிறேன் என்கிறார். ஆனால் இப்போது அவள் வகுப்பில் தூங்குகிறாள். தூங்குகிற குழந்தையை வைத்துக்கொண்டு அவரால் எதுவும் முடிவுசெய்ய முடியவில்லையாம். இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார். ஒன்று, என் ரத்த சொந்தத்தில் சின்ன வயதில் யாராவது இப்படி இருந்தார்களா? இரண்டு, ஊரிலிருந்து வரும் மூலிகையில் என்னென்ன இருக்கிறது, எவ்வளவு? அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். போனில் வேண்டாம், சித்தி பிடுங்கிப் பேசிவிடுவார். நீ எழுது. உள்ளதை எழுது."

நான் படித்து முடித்தபோது வெளியே லவுத்தாரோ யாரிடமோ மணல் லாரியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தான். மணல் எங்களுக்கு வந்தது அல்ல.

"நான் பிடுங்கிப் பேசுவேனாமா?" என்றார் சித்தி. "போன வாட்டி பேசினப்ப அவளே எங்கிட்டதான் குடுத்தா."

"சித்தி, கேள்விக்கு வாங்க."

"கேள்வியெல்லாம் எதுக்கு? இது பயம். குழந்தை பயந்திருக்கா. வீட்டுக்கு மேல ரயில் ஓடுதாம், எல்வியாவே சொல்லியிருக்கா. தலைக்கு மேல ரயில் ஓடினா எந்தக் குழந்தைக்கு உசுரு உடம்புல தங்கும்? அது எங்கயோ போய் நிக்குது, இவங்க இங்க விடைய எழுதல கோட்டைத் தொலைச்சிட்டான்னு கணக்குப் பாத்துட்டிருக்காங்க."

"பயமும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றார் வாத்தியார். "ஆத்துத் தண்ணி, விடியக்காலைல. ஒரு கட்டு காஞ்சொறி, முதுகுல. என் பள்ளிக்கூடத்துல இந்த நோயே கிடையாது."

"நியூயார்க்குல காஞ்சொறிக்கு எங்க போவா?"

"அனுப்பு."

"காய்ஞ்சா அரிக்காது வாத்தியாரே. பச்சையா அனுப்பினா அங்க போறதுக்குள்ள அழுகிரும்."

காஞ்சொறியைக் கெடாமல் நியூயார்க்குக்கு அனுப்புவது எப்படி என்பதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. ஈரத் துணியில் சுற்றுவது, உருளைக்கிழங்கில் குத்திவைப்பது என்று இரண்டு யோசனைகள் வந்தன. ஸோய்லா தொப்பியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்த டாக்டரு அதைக் கேக்கலயே," என்றாள்.

பன்னிரண்டு மணிக்குக் கூரியர் கடையில் பையைக் கட்டிவிடுவார்கள். இதைவிட்டால் அடுத்த சனிக்கிழமைதான், அதற்குள் டாக்டரைப் பார்க்கும் நாள் போய்விடும். நான் இதை எடுத்துச் சொல்லி முதல் கேள்விக்கு வந்தேன். நம் பக்கத்தில் யாராவது இப்படி இருந்தார்களா?

"யாரும் இல்ல," என்றார் சித்தி. "எழுது."

"யாரும் இல்ல," என்றார் வாத்தியார். "மூணு பேருக்கும் பாடம் நடத்தினவன் நான், எனக்குத் தெரியாதா?"

"புருஷன் வீட்டுல கேக்கச் சொல்லு. சிக்ஸி ஊர்க்காரங்க. அந்த ஆளோட அப்பன் கல்யாணத்தன்னிக்கே வழி தப்பி வேற கோயிலுக்குப் போனவன்."

நான் "எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை" என்று எழுதினேன். மை காயக் காத்திருந்தேன். ஸோய்லா ஓலையைப் பல்லால் கடித்து இழுத்தாள். வாத்தியாருக்குக் காது சற்று மந்தம். அந்தக் கீழ்வீட்டு அம்மா விஷயம் சரியாக விழவில்லை, மறுபடி படி என்றார். நான் படித்தேன். "குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோகிறாள். தண்ணீர் கீழ்வீட்டுக்கு ஒழுகி, அந்த அம்மா வந்து கதவை இடித்த பிறகுதான்…"

"குழாயை நான் மூடிட்டேன்!"

லவுத்தாரோ வாசல் நிலையில் நின்றுகொண்டிருந்தான். கையில் யாருடையதோ ஒரு சாந்துக் கரண்டி.

"யார் எழுதிப்போட்டது அவளுக்கு? ஸோய்லா, நீயா?"

"நான் எதுக்கு எழுதறேன்?"

"பின்ன நியூயார்க்குல இருக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டுக்காரி வந்து கத்தினது நெசம். ஆனா நான் மூடத்தான் வந்துட்டிருந்தேன். நடுவுல டைல்ஸ்காரன் வந்தான்." அவன் உள்ளே வந்து பலகைமேல் இருந்த கடிதத்தை எட்டிப் பார்த்தான். எல்வியாவின் கையெழுத்து அவனுக்குத் தெரியும். நடுநடுவே தாவித் தாவிப் படித்தான், படிக்கப் படிக்க முகம் சிவந்தது. "ஷூ விஷயம் சரி. ஒத்துக்கறேன். ஆனா அது திருவிழா அன்னிக்கு. கோட்டை நான் தொலைக்கல, குவெங்கா பஸ்ல விட்டேன், தொலைக்கறது வேற விடறது வேற. இதென்ன, விடைய எழுத மறந்துட்டானாமா? செங்கல் கணக்கா? அது மனசுல இருக்கு, கேட்டா சொல்லப்போறேன்."

"தம்பி, இது…"

"இரு அண்ணே. சுத்தி வளைக்க வேண்டாம். படிக்கட்டைப் பத்திப் பேசத்தானே எல்லாரும் கூடியிருக்கீங்க? என்னை இந்த வேலையிலேருந்து எடுக்கப்போறீங்க. அதுக்கு வாத்தியாரை வேற கூட்டிட்டு வந்திருக்கீங்க. எனக்குத் தெரியும், காலைலேருந்தே தெரியும், அதான் எனக்கு உக்காரவே முடியல."

"காலைலேருந்து மட்டும்தானா?" என்றாள் ஸோய்லா.

"படிக்கட்டு வரும். பால்கனியோட தூணு கடைல வந்திருந்துச்சு, நல்ல தூணு, அன்னிக்கு விட்டா போயிருக்கும். படிக்கட்டு எங்க போகுது?"

"எங்கயும் போகல," என்றார் சித்தி. "அதான் பிரச்சினை."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "தம்பி, இது உன்னைப் பத்தி இல்ல. மரிசெல்லைப் பத்தி."

"எந்த மரிசெல்?"

"எல்வியா மக."

"அவ சின்னக் குழந்தையாச்சே."

"ஆமா."

அவன் மறுபடி கடிதத்தைப் பார்த்தான். இந்தத் தடவை விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தான். புறா இருந்த வரியில் விரல் நின்றது. பிறகு கரண்டியைத் தரையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே என் பலகையை ஒட்டி உட்கார்ந்தான்.

"சுவரைப் பாத்து உக்கார வெச்சிருக்காங்களா?"

"அப்படித்தான் எழுதியிருக்கா."

"அதுல விரிசல் ஏதாவது இருக்கான்னு கேளு," என்றான். "விரிசல் இருந்தா கொஞ்சம் தாங்கலாம்."

பிறகு நான் எழுதிவைத்திருந்த பதில் அவன் கண்ணில் பட்டது. "எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை" என்பதை உரக்கப் படித்தான். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அண்ணே, இதை அடி," என்றான்.

"அடிக்கக் கூடாது," என்றார் வாத்தியார். "லவுத்தாரோ, நீ உணர்ச்சிவசப்படாதே. அமெரிக்காக்காரன் கையில ஒரு தடவை எழுத்துல குடுத்தா அதை ஃபைல்ல ஏத்திருவான். வாழ்நாள் பூரா கூடவே வரும். நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு வேலை, கல்யாணம். நான் அவளுக்கு ஞானத்தகப்பன், எனக்குப் பொறுப்பு இருக்கு. ரத்தத்துலயே கறைன்னு எழுதச் சொல்றியா?"

"வாத்தியாரே," என்றாள் ஸோய்லா. அப்போதும் கை பின்னிக்கொண்டேதான் இருந்தது. "அந்தக் கறையோட நான் குடும்பம் நடத்தறேன். துவைச்சுப் பாத்தேன், போகல. ஆனா துணி கிழியவும் இல்ல. அடுப்புல பால் வெச்சிட்டுப் போய்ப் பக்கத்து வீட்டுக் கூரைய ரிப்பேர் பண்ணிட்டு வருவாரு, காசு வாங்காம. பாலு போச்சு, கூரை நிக்குது. எழுதுங்க அத்தான்."

"பாலைப் பத்தி எழுத வேண்டாம்," என்றான் லவுத்தாரோ.

சித்திக்கு இது பிடிக்கவில்லை. "இவனுக்கு இருந்துச்சு, நான் இல்லேங்கல. ஆனா குணமாயிருச்சே! யார் குணப்படுத்தினது? உங்கம்மா இவனைத் தூக்கிட்டு எங்கிட்டதானே வந்தா? அருவதாத் தழையால அடிச்சேன், முட்டையை உடம்பெல்லாம் உருட்டினேன். அந்த முட்டைய உடைச்சப்ப உள்ள என்ன இருந்துச்சு? கண்ணு! பெரிய கண்ணு ஒண்ணு பாத்துட்டிருந்துச்சு."

"சித்தி, எல்லா முட்டையும் உள்ள கண்ணு மாதிரிதான் இருக்கும்."

"வலேரியன் குடுத்தேன், தூக்கம் வர வெக்கிற வேரு. நிலா தேய தேயக் குடுத்தேன்."

"குடுத்தீங்க. ஊறின சாக்ஸ் மாதிரி இருந்துச்சு."

"நீ குணமாகலங்கிறியா?"

"வளந்தேன் சித்தி."

சித்தி பெட்டியின்மேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். சந்தையில் அவரிடம் விலை குறைத்துக் கேட்கிறவர்களைப் பார்க்கும் பார்வை அது. செவ்வாயும் வெள்ளியும் அவர் கடைமுன் குழந்தைகளோடு வரிசை நிற்கும். எந்தக் குழந்தைக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்று அவருக்குச் சந்தேகம் வந்து நான் பார்த்ததில்லை.

"அப்ப எதுவும் வேலை செய்யலையா?" என்றேன். டாக்டருக்கு எழுதுவதற்காகத்தான் கேட்டேன்.

லவுத்தாரோ யோசித்தான். "தொரொன்ஹில் இலை நல்லா இருந்துச்சு. எலுமிச்சை வாசனை. தேன் போட்டுக் குடுப்பாங்க. அதைக் குடிச்சாலும் நான் அப்படியேதான் இருந்தேன், ஆனா குடிக்கறப்ப யாரும் திட்டல. காஞ்சொறி வேண்டாம். அதைப் பெரிசா எழுது. காஞ்சொறி வேண்டாம்."

"நல்ல வைத்தியம் அது," என்றார் வாத்தியார், கொஞ்சம் குறைந்த குரலில்.

"ஒண்ணே ஒண்ணுதான் வேலை செஞ்சது," என்றான் லவுத்தாரோ. "வாத்தியார் சாயங்காலம் வருகைப் பதிவு எழுதறப்ப என்னைப் பக்கத்துல உக்கார வெப்பாரு. நோட்டுல கோடு போடச் சொல்வாரு. அவரு பாட்டுக்கு எழுதுவாரு, நான் பாட்டுக்குக் கோடு போடுவேன். பேச மாட்டோம். கோடு நேரா வந்துச்சு. எல்லாக் கோடும்."

வாத்தியார் அவனைப் பார்த்தார். "அது தண்டனைடா."

"அப்படியா?" என்றான் லவுத்தாரோ. "நான் பரிசுன்னு நினைச்சேன்."

தெருவில் மணல் லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. லவுத்தாரோ எழுந்து போகவில்லை. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். அதற்குமேல் கறை பற்றிப் பேசவில்லை.

நான் புதுத் தாள் எடுத்தேன். அடித்தல் திருத்தலோடு டாக்டருக்குக் கடிதம் போகக் கூடாது. முதல் பதிலை இப்படி எழுதினேன்: "என் தம்பி லவுத்தாரோ, வயது முப்பத்தாறு, சிறு வயதில் மரிசெல்லைப்போலவே இருந்தான். இப்போதும் இருக்கிறான். கணக்கு நன்றாக வரும். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவனும் தன் வேலையைப் பார்க்கிறான்."

"நல்லவன்னு எழுது," என்றாள் ஸோய்லா.

"டாக்டருக்கு அது தேவைப்படாது."

"எனக்குத் தேவைப்படுது."

எழுதினேன்.

இரண்டாம் கேள்வி இன்னும் கடினமாக இருந்தது. மூலிகைப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டதும் சித்தி கையைக் கட்டிக்கொண்டார். டாக்டருக்கு மூலிகை தெரியாது, தெரியாதவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றார். எல்வியாவிடம் அப்போதே சொன்னேன், டாக்டரிடம் மூச்சுவிடாதே என்று, ஊமைமாதிரி இருந்திருக்க வேண்டியதுதானே என்றார்.

"சித்தி, குழந்தை வகுப்புல தூங்கறா. அதான் கேக்கறாரு."

"ஏன் தூங்கறா? நான் ராத்திரிலதானே குடுக்கச் சொன்னேன்? படுக்கறதுக்கு முன்னால ஒரு டம்ளர். பயம் தெளியறது தூக்கத்துலதான்."

"எல்வியா ராத்திரி வேலைக்குப் போறா," என்றாள் ஸோய்லா. "ஆபீஸ் துடைக்கற வேலை. இருட்டினதும் போனா காலைலதான் வருவா. வந்ததும் குழந்தைக்குக் குடுத்துப் பள்ளிக்கூடம் அனுப்பிருப்பா."

சித்தி கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"காலைலயா?"

"பின்ன எப்பக் குடுப்பா?"

"வலேரியனைக் காலைலயா?" சித்தி என்னைப் பார்த்தார், பிறகு ஸோய்லாவை. "போன பொட்டலத்துல வேரை ரெட்டிப்பாப் போட்டேன். மாத்தம் ஒண்ணும் தெரியலன்னு எழுதியிருந்தா, அதனால. ரெட்டிப்பு." தலையை ஆட்டிக்கொண்டே, "பாவம், பெஞ்சியிலயே தலை வெச்சுத் தூங்கிருப்பா," என்றார். பிறகு பெட்டியிலிருந்து இறங்கி வந்து என் பலகையின் முன்னால் நின்றார். "எழுது. வலேரியன் வேர். தீலோ பூ. தொரொன்ஹில் இலை. கொடித்தோடைப் பூ, காய்ஞ்சது. அவ்வளவுதான். கடைசிப் பொட்டலத்துல வலேரியன் ரெண்டு பிடி, மத்ததெல்லாம் ஒரு பிடி."

"ஒரு பிடின்னா எவ்வளவு?"

"ஒரு பிடின்னா ஒரு பிடி."

"டாக்டர் பிடியா, உங்க பிடியா?"

சித்தி தன் கையைப் பார்த்தார். சின்னக் கை அது, மூட்டுகளில் பச்சை ஏறிப்போன கை. அதை மடக்கிக் கடிதத்தின் ஓரத்தில் வைத்தார். லவுத்தாரோ என் பேனாவை வாங்கி அந்தக் கையைச் சுற்றிக் கோடு போட்டான். நிதானமாக, விரல் மடிப்புகளில் ஒன்றையும் விடாமல் போட்டான். மோதிரம் இருந்த இடத்தில் மேடு சரியாக விழுந்திருந்தது. அதன் கீழே நான், "சித்தியின் ஒரு பிடி, உண்மை அளவு," என்று எழுதினேன்.

"இன்னொண்ணும் எழுது," என்றார் சித்தி. "டாக்டர் சொல்ற வரைக்கும் எதையும் குடுக்க வேண்டாம். இது என் யோசனைன்னு எழுது."

"இது சித்தியின் யோசனை" என்று எழுதினேன்.

கையெழுத்து போடும்போது லவுத்தாரோவுக்கு இடமே போதவில்லை. அவனுக்குப் பெரிய கையெழுத்து. பிறகு தாளை வாத்தியாரிடம் நீட்டினேன். வகுப்பில் பார்த்தவர் என்ற முறையில் அவர் சொன்னால் டாக்டர் மதிப்பார் என்றேன். வாத்தியார் தாளை மடியில் வைத்து முழுவதும் படித்தார். லவுத்தாரோ சொல்லி நான் பெரிதாக எழுதியிருந்த காஞ்சொறி வேண்டாம் என்ற வரியை இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன், உதடு அசைந்தது. பேனாவை மூடி திறந்து, மூடி திறந்து, கடைசியில் எழுதினார்:

"இவனுக்கு நான் ஆசிரியராக இருந்தேன். மேலே உள்ளது சரி. மரிசெல்லைச் சுவரை நோக்கி உட்காரவைக்க வேண்டாம். யாராவது எழுதிக்கொண்டிருக்கும் இடத்தில், அவர்களுக்குப் பக்கத்தில் உட்காரவைக்கவும்."

கையெழுத்துக்குக் கீழே பழைய வழக்கப்படி பள்ளியின் பெயரையும் எழுதினார்.

உறையில் போடப்போனபோது சித்தி துணிப்பையிலிருந்து ஒரு இணுக்கு தொரொன்ஹிலை எடுத்து உள்ளே தள்ளினார்.

"சித்தி! இப்பத்தானே எழுதினோம்?"

"குடிக்க இல்லடா. மோந்து பாக்க. அவ ஒரு தடவையாவது இந்த ஊரை மோந்து பாக்க வேண்டாமா?"

நான் கடிதத்தை மறுபடி வெளியே எடுத்து, பின்குறிப்பு சேர்த்தேன்: "உள்ளே ஒரு இணுக்கு தொரொன்ஹில் இருக்கிறது. மோந்து பார்க்க மட்டும்." பிறகு உறையை ஒட்டினேன். ஓரம் சரியாக ஒட்டவில்லை, இலை தடுத்தது. லவுத்தாரோ கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"நான் கொண்டுபோறேன்," என்றான்.

நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றோம். ஸோய்லா மட்டும் சொல்லவில்லை. "போகட்டும்," என்றாள். "அத்தான், நீங்களும் கூடப் போங்க. அவரு பாட்டுக்கு அவரு நடக்கட்டும், நீங்க பாட்டுக்கு நீங்க நடங்க."

அப்படியே நடந்தோம். நான் ஒன்றும் பேசவில்லை. சதுக்கத்தில் குழாய்க்காரர்கள் தெருவைத் தோண்டியிருந்தார்கள். லவுத்தாரோவின் கால் அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பியது, பிறகு நேராகியது. கட்டைவிரலை உறையிலிருந்து எடுக்கவில்லை.

கூரியர் கடையில் வறுத்த கினிப்பன்றி வாசனை. ஊர் முழுக்க அதை வறுத்து, வெளிநாட்டில் இருக்கும் தன் பிள்ளைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர் நான்கு பொட்டலம் வைத்திருந்தார், ஒவ்வொன்றையும் எடைபோட்டுப் பெயர் எழுதினார்கள். லவுத்தாரோ நின்றான்.

"உள்ள சாப்பாட்டுச் சாமான் இருக்கா?" என்று கேட்டாள் கடைக்காரி.

"இல்ல. கடிதம்," என்றான் லவுத்தாரோ.

அவள் உறையை வாங்கி முத்திரை குத்தி, பைக்குள் போட்டு, கயிற்றை இழுத்து முடிச்சிட்டாள். பையன்கள் பையைத் தூக்கி வெளியே நின்ற வண்டியில் எறிந்தார்கள்.

"டிரைவர் வழியில எங்கயும் நிக்க மாட்டாரே?" என்று கேட்டான் லவுத்தாரோ.

"எதுக்கு நிக்கணும்?"

"சும்மா. எதையாவது பாத்துட்டு."

நேரே குவெங்கா விமான நிலையம்தான், எங்கும் நிற்காது என்றாள் அவள். வண்டி கிளம்பியது.